மருந்துக்குச் சாகாத புழு

மாமனார் மூன்றாவது முறையாக மருந்து அடித்த மறுநாள் காலை நான் கொல்லைக்குப் போனேன். ஒரு வேர்க்கடலைச் செடியின் அடியில் மண்ணைக் கையால் கிளறினேன். சுண்டுவிரல் பருமனில் பழுப்பும் பச்சையுமாக ஒரு புழு சுருண்டு கிடந்தது. தொட்டதும் நெளிந்தது. பக்கத்துச் செடியில் இன்னும் இரண்டு. மூன்றுமே கொழுகொழுவென்று, நேற்று ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தன. மேலே இலைகளைப் பார்த்தால் சல்லடையாகத் தொங்கின.

எங்கள் ஊர்ப்பக்கம் புன்செய் நிலத்தைக் கொல்லை என்போம். எங்கள் கொல்லை திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற வழியில், பஸ் நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ரெண்டு காணி, அதாவது இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். மாமனாரும் மாமியாரும் அங்கேயே இருக்கிறார்கள். நானும் கணவரும் டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நான் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் மனுக்களைப் பதிவுசெய்கிறேன். கல்லூரியில் படித்தது விலங்கியல். அந்தப் படிப்புக்கும் நான் பார்க்கிற வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது கல்யாணமாகி ஏழு வருஷத்தில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது, எனக்கும்தான்.

மாமனார் வரப்பில் உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருந்தார். மருந்து அடித்தால் இரண்டு நாளைக்கு அவருக்கு அரிப்பு இருக்கும்.

"இந்தப் புழுவுக்கு மருந்து பழகிப்போச்சும்மா. எனக்கு பீடி பழகினா மாதிரி. கடக்காரரு ரெண்டு மருந்த கலந்து, அளவ ஜாஸ்தி பண்ணி அடிங்கன்றாரு."

"பழகலீங்க மாமா," என்றேன்.

"பழகலன்னா ஏன் சாவ மாட்டேங்குது?"

பதில் எனக்குத் தெரியும். பரீட்சையில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் மலையை வெறித்தபடி கையைச் சொறிகிற மனிதரிடம் அதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. ஆயிரம் புழு இருந்தால் ஆயிரமும் ஒரே மாதிரி பிறப்பதில்லை, ஒன்றிரண்டுக்கு மருந்தைத் தாங்குகிற உடம்பு பிறவியிலேயே அமைந்துவிடுகிறது, மற்றவை செத்ததும் கொல்லை முழுக்க அதன் பிள்ளைகள்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். "சரிம்மா, வெயிலு ஏறுது, வூட்டுக்குப் போ," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை. சொல்லத் தெரியாத என் மேல்தான்.

என் அம்மா வீடு மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே. அங்கே ஏரிக்கரையில் ஆமணக்கு தானாக முளைத்துக் கிடக்கும். அதற்கு யாரும் மருந்து அடித்ததில்லை. அதிலும் இதே புழு வரும். இரண்டு ஊர்ப் புழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தால் என்ன?

அடுத்து வந்த சனிக்கிழமை அம்மா வீட்டுக்கு ஸ்கூட்டரில் போய் ஒரு டிபன் பாக்ஸ் நிறையப் புழு பிடித்தேன். அன்றைக்குப் பௌர்ணமி என்பதை மறந்துவிட்டிருந்தேன். திரும்பி வரும்போது கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மணி நேரம் நின்றேன். வெயில் படாமல் இருக்கட்டும் என்று பாக்ஸை முந்தானையால் மூடி மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "பிரசாதமாங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க, புழு."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் வேறு இடம் தேடிப் போனார்.

மறுநாள் எங்கள் கொல்லையிலிருந்தும் அதே பருமனில் புழு பொறுக்கினேன். ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பாக்கள் மூன்றை எடுத்து மூடியில் ஊசியால் ஓட்டை போட்டேன். கையுறை மாட்டிக்கொண்டு, மருந்துப் புட்டியில் போட்டிருந்த அளவுக்கு ஒரு சொட்டுகூட ஜாஸ்தியோ கம்மியோ ஆகாமல் தண்ணீரில் கலந்தேன். ஆமணக்கு இலையை அதில் முக்கி உலர்த்தி இரண்டு டப்பாவில் போட்டேன். ஒன்றில் அம்மா ஊர்ப் புழு இருபது, இன்னொன்றில் எங்கள் புழு இருபது. மூன்றாவதில் வெறும் தண்ணீரில் முக்கிய இலையும் எங்கள் புழுக்களும். புழு எதனால் செத்தது என்று நாளை யாரும் சந்தேகப்படக் கூடாது அல்லவா. டப்பாக்களை மொட்டைமாடிப் படிக்குக் கீழே நிழலில் வைத்தேன்.

"வாடக வூட்ல புழு வளக்குறன்னு ஹவுஸ் ஓனருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்," என்றார் கணவர். ஆனாலும் காலையில் எனக்கு முன்னால் அவர்தான் போய்ப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை மாமனாருக்குப் போன் செய்தேன். அன்றைக்கு அவர் டவுனுக்கு அந்த இரண்டாவது மருந்தை வாங்க வருவதாக இருந்தார். கடைக்குப் போவதற்கு முன் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். வந்தார். படிக்கட்டில் உட்காரவைத்து மூன்று டப்பாவையும் முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன்.

அவர் துடைப்பக் குச்சி ஒன்றை உடைத்து ஒவ்வொரு புழுவாகத் தொட்டுப் பார்த்தார். அவசரமே படவில்லை. அம்மா ஊர் டப்பாவில் பதினேழு செத்துக் கிடந்தன. எங்கள் டப்பாவில் நான்கு. தண்ணீர் டப்பாவில் எல்லாமே இலையைத் தின்றுகொண்டிருந்தன.

"ரெண்டுத்துக்கும் ஒரே மருந்துதானே?"

"ஒரே மருந்துங்க. ஒரே அளவு."

மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு எங்கள் டப்பாவிலிருந்து ஒரு புழுவை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார்.

"மாமா, செத்தது பிள்ள பெறாது," என்றேன். "நீங்க அடிக்கறப்ப சாவாம நின்னது எதுவோ, அதுதான் பெறுது. ஒவ்வொரு வாட்டியும் அப்படித்தான்."

அவர் புழுவைத் திரும்ப டப்பாவில் விட்டார். பிறகு அவரே மெதுவாக, ஏதோ கணக்குப் போடுவதுபோல் சொன்னார்: "நான் ஆட்டுக்குக் கெடா வுடறப்ப, காலு நல்லா இருக்கறதா ஒண்ணப் பொறுக்கி நிறுத்திக்கினு மத்ததல்லாம் வித்துடுவேன். நாலஞ்சு வருஷத்துல பட்டி முழுக்க அந்தக் காலாத்தான் இருக்கும்." நிறுத்தினார். "அப்ப, இத்தன வருஷமா நானே இந்தப் புழுவப் பொறுக்கி வளத்துக்கினு இருந்திருக்கேன்."

என் கல்லூரியில் யாரும் அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கு அவர் மருந்துக் கடைக்குப் போகவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "இந்த வாட்டி போனது போவட்டும். அடுத்த மார்கழிக்கு ஒரு காணி உன்னுது. மருந்து இல்லாம செய்யி. இன்னொண்ண நான் என் இஷ்டத்துக்குச் செய்றேன். பாக்கலாம்," என்றார்.

என் காணியில் வேர்க்கடலை விதைத்த அன்றே வரப்போரமாகச் சுற்றிலும் ஆமணக்கு ஊன்றினோம். இந்தப் புழுவின் தாயான அந்துப்பூச்சிக்கு ஆமணக்கு இலை என்றால் உயிர், முட்டையைப் பெரும்பாலும் அதில்தான் கொண்டுபோய் வைக்கும். முட்டைக் குவியல் பழுப்புப் பஞ்சு ஒட்டினதுபோல் இலையின் அடியில் இருக்கும். மாமியாருக்குக் கண் கூர்மை. நான் ஒரு வரிசை பார்த்து முடிப்பதற்குள் அவர் மூன்று வரிசை பார்த்து, கிள்ளின இலைகளை மடியில் கட்டிக்கொண்டு நிற்பார். "மல்லாட்டையில ஒண்ணுகூட வைக்கல, அத்தனையும் இங்கதான் வச்சிருக்குது, பைத்தியக்காரப் பூச்சி," என்று சிரிப்பார். அவர் வாயில் வேர்க்கடலை எப்போதும் மல்லாட்டைதான். பறவைகள் வந்து உட்காரக் காணி முழுக்கக் கவைக்குச்சிகள் நட்டோம்.

ஆறாவது வாரம் எல்லாம் தலைகீழாகப் போகும்போல் இருந்தது. எங்கள் கண்ணுக்குத் தப்பின முட்டைகள் பொரித்துவிட்டன. வெள்ளிக்கிழமை மாமியார் போன் செய்து, நடுக்காணியில் இலை ஓட்டை விழ ஆரம்பித்துவிட்டது என்றார். மறுநாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமனார் ஸ்பிரேயரில் மருந்து கலந்து முதுகில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"உன் பேச்சக் கேட்டு நின்னுட்டேன். இனிமே நிக்க முடியாதும்மா."

"அடிச்சிடலாம்," என்றார் கணவரும், என் முகத்தைப் பார்க்காமல்.

அது ஒன்றும் டப்பா இல்லை, அவர்கள் சாப்பாடு. செடிக்கு அடியில் மண்ணைக் கிளறினேன். வெயிலுக்குப் பயந்து புழுக்கள் எல்லாம் மண்ணுக்குள் போயிருந்தன. அங்கே போய் எந்தப் பறவை பிடிக்கும்? அப்போதுதான் தோன்றியது.

"மாமா, அத எறக்கி வைங்க. மோட்டார் போடுங்க. தண்ணி பாய்ச்சலாம்."

"நாளைக்கித்தான் தண்ணி மொற."

"இன்னிக்கே பாய்ச்சுங்க. ஒரு பாத்தி மட்டும். புழு வரலன்னா நானே டேங்க்க முதுகுல மாட்டிக்கிறேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே மோட்டாரைப் போட்டார். தண்ணீர் பாத்திக்குள் நுழைந்து செடிகளின் அடிக்குப் போனது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மண் குமிழி விட்டது. ஒரு புழு மேலே வந்தது. இன்னொன்று. அப்புறம் பாத்தி முழுக்க, மூச்சு முட்டி, பகல் வெளிச்சத்தில், செடிகளின் மேல் ஏறத் தொடங்கின. கவைக்குச்சியில் உட்கார்ந்திருந்த ஒரு கரிச்சான் இறங்கி ஒன்றைக் கொத்திக்கொண்டு போனது. மைனாக்கள் நடந்தே வந்தன. அரை மணி நேரத்துக்குள் எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. நாங்கள் இருப்பதைச் சட்டையே செய்யாமல் தண்ணீரோடு தண்ணீராக வரிசையில் நடந்து தின்றன.

மாமனார் ஸ்பிரேயரைக் கழற்றி வரப்பில் வைத்தார். "அடுத்த பாத்திக்கி மடைய திருப்பு," என்று கணவரிடம் கத்தினார். அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மதியம் வரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர் ஓடியது. பறவைகளும் அதன் பின்னாலேயே ஓடின. மருந்தைத் தாங்குகிற உடம்பு கொக்கின் அலகுக்கு முன் எதற்கு ஆகும்?

சித்திரையில் செடி பிடுங்கியபோது இரண்டு காணிக்கும் நடுவிலுள்ள வரப்பில் நின்று யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. அவருடைய பக்கம் மூன்று முறை மருந்து அடித்தும் குச்சி குச்சியாக நின்றது. என் பக்கம் மண் தெரியவில்லை. பிடுங்க வந்த பெண்களில் ஒருத்தி ஒரு செடியைத் தூக்கி, காய் கொத்தாகத் தொங்கியதைக் காட்டி, "இதுக்கு இன்னா மருந்து போட்டீங்க?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் மாமனார், "எங்க மருமவதான் போட்டுச்சு," என்றார். என்ன போட்டேன் என்று சொல்லவில்லை. அதற்கு அடுத்த போகத்தில் இரண்டு காணிக்கும் மருந்து வாங்கவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் இரண்டு பேரும் வரப்பில் ஆமணக்கு ஊன்றினார்கள்.

அந்தப் போகம் முடிவதற்குள் எனக்கு ஓர் ஆசை. மறுபடி அதே மாதிரி டப்பா வைத்தேன். அதே மருந்து, அதே அளவு, எங்கள் கொல்லைப் புழு இருபது. மருந்து அடிக்காத இடத்தில், மருந்தைத் தாங்குகிற புழுவுக்கு எந்தச் சலுகையும் இல்லை. வெளியிலிருந்து பறந்து வருகிற சாதாரணப் பூச்சிகளும் அதோடு கலந்து முட்டையிடுகின்றன. அப்படியென்றால் மாற்றம் திரும்பியும் நடக்க வேண்டும், மருந்துக்குச் சாகிற புழு மறுபடி கூட வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் படித்திருந்தேன். என் படிக்கட்டுக்குக் கீழே அது நடக்குமா?

மூன்றாம் நாள் காலை, அலுவலகத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு, குனிந்து குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஐந்து. ஏழு. ஒன்பது. திரும்ப எண்ணினேன். சந்தேகமே இல்லை. உடனே மாமனாருக்குப் போன் செய்தேன்.

"மாமா! பதினொண்ணு செத்துப்போச்சு!"

"ஐயையோ, யாரும்மா?"

"புழுங்க மாமா, நம்ம புழு! அப்ப நாலுதான் செத்துச்சு. இப்ப பதினொண்ணு!"

அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. மாமியாரைக் கூப்பிட்டு, பக்கத்துக் கொல்லைக்கும் கேட்கிற குரலில், "பதினொண்ணாம்டி!" என்று கத்தினார்.