கட்டுப் போடுகிறவரும் அவர் அண்ணனும்

"வலிச்சா சொல்லுங்க. நிறுத்த மாட்டேன், ஆனா சொல்லுங்க" என்றபடியே என் முழங்காலில் ஒட்டியிருந்த பழைய கட்டை ஒரே இழுப்பில் உரித்தார். எனக்கு உயிர் போய் வந்தது. அதற்குள் அவர் காயத்தோடு பேச ஆரம்பித்திருந்தார். "நேத்தைக்கு இன்னிக்குத் தேவலையே நீ." நோயாளியைக் கேட்பதைவிடக் காயத்தைக் கேட்டால் உண்மை வரும் என்பது அவர் கட்சி.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாகக் கட்டுப் போடுகிறார். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். குனியும்போது, முடி கொட்டிய உச்சியில் நான்கைந்து வெள்ளைக் கோடுகள் தெரியும். கட்டு மாற்றப் போன மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன்.

"நானே போட்டுக்கிட்டது."

முஹர்ரம் பத்தாம் நாள், நபியின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்ட நாள். ஷியாக்கள் மார்பில் அறைந்து அழுவார்கள். சிலர் கத்தியால் தலையைக் கீறிக்கொள்வார்கள். இவரும் பதினெட்டு வயதிலிருந்து கீறிக்கொண்டவர்தான். தாம் பின்பற்றும் மார்க்க அறிஞர் கூடாது என்றதும் விட்டுவிட்டார். பூட்டு ரிப்பேர் செய்யும் அண்ணன் கேட்பது வேறொரு மௌலானாவை. அவர், உடம்புக்குப் பெரிய கேடு வராதவரை செய்யலாம் என்கிறார். அண்ணன் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை.

மருந்து கொடுக்கும் அம்மா சுன்னி. அந்தப் பத்தாம் நாளில் நோன்பு வைப்பார். "எங்களுக்கும் அந்தத் துக்கம் இருக்கு. அதுக்காக உடம்பைக் கிழிச்சுக்கிறது தப்பு. யார்கிட்டயும் சொல்வேன்" என்றார் என்னிடம். சொல்லிக்கொண்டே, மறுநாள் ஊர்வலத்திலிருந்து வரப்போகிறவர்களுக்காகக் கட்டுத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

அது முஹர்ரம் ஒன்பதாம் நாள் காலை. அவருடைய அண்ணி உள்ளே வந்தார், பின்னாலேயே அண்ணனும். அண்ணி ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார். "தம்பி, இதை எண்ணிப் பாருங்க."

அண்ணனுக்கு ஐந்து மாதம் முன்புதான் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை. நான்கு நாள் மாத்திரை அப்படியே இருந்தது.

"ஏண்ணே?"

"அதைப் போட்டுக்கிட்டுக் கீறினா ரத்தம் நிக்காது. அதான் நிறுத்தினேன்."

"நிறுத்தினா அங்க அடைச்சுக்கும். ஊர்வலம் முடியறதுக்குள்ள உங்களைத் தூக்கிட்டுப் போகணும்."

அண்ணன் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "உனக்குச் சொன்னாப் புரியாதுடா. நீ அழுதுடுவ. மஜ்லிஸ்ல கர்பலா கதையைச் சொல்லி, ஹுசைன் பேரைச் சொன்ன உடனே உனக்குக் கண்ணு நிறைஞ்சுடும். எனக்கு வராது. அப்பா போனப்பவும் வரல. கத்தி பட்டாத்தான் நானும் துக்கத்துல இருக்கேன்னு தெரியுது."

என் முழங்கால் பாதிக் கட்டோடு நின்றது. தம்பி கையுறையைக் கழற்றினார்.

"என் அறிஞர் சொன்னதை உங்க மேல திணிக்கல அண்ணே. உங்க மௌலானாவையே கேளுங்க. ஆனா மாத்திரை நிறுத்தினதையும் சேர்த்துச் சொல்லுங்க."

அண்ணன் போனில் கேட்டார், ஒன்றையும் மறைக்காமல். அந்தப் பக்கம் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு முறை "சரிங்க" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

"தண்ணி குடு."

அன்றே தம்பி அவரை இதய டாக்டரிடம் அழைத்துப் போய்க் காட்டினார்.

மறுநாள் மதியம் நான் போனபோது வாசல்வரை ஆட்கள். தலையில் துண்டை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொருவராக வந்தார்கள். தம்பி யாரிடமும் நியாயம் பேசவில்லை, காயங்களிடம்தான் பேசினார். அண்ணனும் வந்திருந்தார். கீறல் இல்லாத தலை. மார்பு மட்டும் அறைந்து சிவந்திருந்தது. "சும்மா நிக்காதீங்க, இதைப் பிடிங்க" என்று ஒருவர் தலையில் வைத்த துணியை அழுத்தச் சொன்னார் தம்பி.

அண்ணன் அழுத்திப் பிடித்தார். ரத்தம் நின்றதும் கையை எடுத்தார். விரலெல்லாம் சிவப்பு. சிறிது நேரம் அதையே பார்த்தவர், மெல்லத் தம் நெற்றியில் தடவிக்கொண்டார்.

துடைக்கப் பஞ்சை எடுத்த தம்பி, அதைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, அடுத்தவர் தலையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.