வெள்ளிக்கிழமை ஏச்சு

சென்ற ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் தங்கையின் மகளைப் பற்றிப் பேச பாடசாலை அதிபர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். தரம் எட்டில் படிக்கும் பிள்ளை. அந்தத் தவணையில் ஒருத்தியை அறைந்திருந்தாள். இன்னொருத்தியின் தண்ணீர்ப் போத்தலை மாடியிலிருந்து எறிந்திருந்தாள். உட்காரச் சொன்ன வகுப்பாசிரியையிடம் "நீங்க உட்காருங்க" என்றிருந்தாள். அதிபர் சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரியில் சிறுவர் மனநல கிளினிக்கில் காட்டச் சொன்னார். இன்னொரு முறைப்பாடு வந்தால் விடுகைப் பத்திரத்தைக் கொடுத்துப் பாடசாலையை விட்டே அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

கண்டி மஹய்யாவையில் கீழ் வீட்டில் நான் இருக்கிறேன். மேல் வீட்டில் தங்கையும் மகளும் சின்னவனும். மச்சானுக்குக் கட்டாரில் வேலை. ஆகவே கிளினிக்குக்கு நானும் போனேன். போகுமுன் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். சொல் கேளாமை எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டாம். எவ்வளவு காலமாக, எந்தெந்த இடங்களில், யாரைப் பாதிக்கும்படி என்று பார்த்துத்தான் அதைக் கோளாறு என்கிறார்கள். காலம் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எது எந்த நாளில் நடந்தது என்று அடுக்கிப் பார்ப்பது என் வழக்கம். தொடங்கிய நாள் அகப்பட்டால் காரணமும் அகப்படும் என்று நம்பினேன்.

டொக்டர் இளம் சிங்களப் பெண். தமிழ் நன்றாகப் பேசினார். என் கால வரிசையைச் சற்று நேரம் கேட்டுவிட்டுத் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல இவளோட கூட நேரம் பேசுறது யாரு?"

"அவங்க அப்பாதான் டொக்டர். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்னைக்கு போன் கோல் எடுப்பாரு."

"என்ன பேசுவாரு?"

"ஏசுவாரு."

தங்கை சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமைகளில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவன் நான். போனை எடுத்ததும் தங்கை அந்த வாரத்து முறைப்பாடுகளைச் சொல்வாள். "அவகிட்ட குடு" என்பார் மச்சான். அரை மணி நேரமாவது ஏச்சு நடக்கும். முறைப்பாடு இல்லாத வாரத்தில் சின்னவன் ஒரு பாட்டுப் பாடுவான். மகளிடம் "நல்லா படி" என்ற ஒரு சொல். அதோடு கோல் முடிந்துவிடும்.

வெள்ளிக்கு முன் சண்டை போட்டால்தான் அவளுக்கு அப்பாவின் அரை மணி நேரம் கிடைக்கிறது. இதைக் கண்டுபிடித்த பெருமையில், பஸ்ஸுக்கு நிற்கும்போது மகளைக் கேட்டேன்.

"ஒன் சண்டையெல்லாம் பெரும்பாலும் வியாழக்கிழமையா இருக்கே, ஏன்?"

"வியாழக்கிழமை ரெண்டு பாடம் சேர்த்து கணக்கு, மாமா. ஒங்களுக்குன்னா கோவம் வராதா?"

டொக்டரும் ஒற்றைக் காரணம் தேட வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். இப்போதைக்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. கோலை அவளிடமிருந்து தொடங்குங்கள், முறைப்பாடுகளை வேறொரு நாளில் அப்பாவிடம் தனியாகச் சொல்லுங்கள் என்றார். அடுத்த கிளினிக்குக்கும் நாள் கொடுத்தார்.

முதல் வெள்ளிக்கிழமை பார்க்கவே பாவமாக இருந்தது. ஏசாமல் மகளிடம் என்ன பேசுவது என்று மச்சானுக்குத் தெரியவில்லை.

"சாப்ட்டியா?"

"ம்."

"என்னா சாப்ட்ட?"

"பாண்."

"பாணா? சரி. அம்மாகிட்ட குடு."

சில வாரங்கள் இப்படியே போயின. பிறகு ஒரு வியாழக்கிழமை அவள் ஒருத்தியைப் பெஞ்சிலிருந்து தள்ளிவிட்டாள். திங்கட்கிழமை வரும்படி அதிபர் சொல்லியனுப்பினார். எதற்கென்று எங்களுக்குத் தெரியும். தங்கை அழுதாள். "இன்னைக்கே அவர்கிட்ட சொல்றேண்ணே. நாளைக்கு அவளைக் கட்டிக் குடுக்கவா போறேன், ஸ்கூலை விட்டு வந்துட்டா என்னா செய்வேன்?" சனிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னேன். எனக்கே பயம்தான்.

மறுநாள் கோல் வந்தது. மச்சான் வழக்கம்போல என்ன சாப்பிட்டாய் என்றார்.

"அப்பா, நான் நேத்து ஒருத்திய தள்ளிட்டேன்."

தங்கையின் கை போனை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. மச்சான் மூச்சை இழுப்பது கேட்டது. ஏச்சு வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ஏன்?" என்றார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்டு அதுவரை நான் கேட்டதில்லை.

"ஜன்னல் பக்கம் என்னைய இருக்க விடல."

"ஜன்னல்ல என்னா இருக்கு?"

"மாத்தளை ரயில் தெரியும்."

"எத்தன மணி ரயிலு?"

அப்பாவும் மகளும் ரயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பெட்டி, ஊதுமா, கதவில் தொங்குவார்களா என்றெல்லாம் அவர் கேட்டார். பெரிய காயம் ஒன்றை எதிர்பார்த்திருந்த எனக்கு, காரணம் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. கடைசியில் அவர் ஏசத்தான் செய்தார். "ஜன்னலுக்காக ஆள தள்ளுவியா? அவ மண்டை ஒடஞ்சிருந்தா?" அவள் எதிர்த்துப் பேசவில்லை. "திங்கக்கிழமை நீங்களே அதிபர் சேர்கிட்ட பேசுங்கப்பா" என்றாள்.

திங்கட்கிழமை வேலைத்தளத்திலிருந்து மச்சான் கோல் எடுத்தார். போன் அதிபரின் மேசையில் கிடந்தது. பின்னால் இயந்திரச் சத்தம். "சேர், அவ செஞ்சது பிழைதான். தள்ளுன புள்ளகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லியிருக்கேன். பத்திரம் மட்டும் குடுத்துறாதீங்க. வாரா வாரம் நானே ஒங்களுக்கு கோல் எடுக்குறேன்."

அதிபர் அவளைப் பார்த்தார். "மன்னிப்புக் கேட்டியா?"

"காலையிலயே கேட்டேன், சேர்."

"அவ என்ன சொன்னா?"

"போடின்னா."

அதிபர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. தவணை முடியும் வரை பார்ப்போம், ஆனால் இருக்கை ஜன்னலிலிருந்து தள்ளித்தான் என்றார். அவள் முகம் இறுகியது. வாயைத் திறக்கப் போகிறாள் என்று தங்கை என் கையைப் பிடித்தாள். மகள் போனைப் பார்த்தாள், பிறகு அதிபரைப் பார்த்தாள். "சரி சேர்" என்றாள்.