தைப்பிங்குக்கு அனுப்பிய படம்

எனக்கு இருபத்தெட்டு வயதானபோது என் படம் இரண்டு மாப்பிள்ளை வீடுகளிலிருந்து திரும்பி வந்திருந்தது. ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம். கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று தாடையைத் தூக்கு, தோளை இறக்கு என்று சொன்னால் என் முகம் இறுகிவிடும். அண்ணி படத்தைப் பார்த்துவிட்டு, "ஐசி படம் மாதிரி இருக்குலா. போலீஸ் தேடுற ஆளுன்னு நெனச்சிருப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. என் அடையாள அட்டையிலும் அதே முகம்தான்.

நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் இருந்தோம். நான் பக்கத்திலிருந்த சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மோட்டார் பட்டறையில் வேலை செய்தார். அவரிடம் பழைய கேமரா ஒன்று இருந்தது. அண்ணியின் சித்தி தைப்பிங்கில் ஒரு வரன் சொன்னபோது, இந்த முறை படத்தை நானே எடுத்துக்கொள்ளட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று கால் தாங்கியில் கேமராவை மாட்டி, இரண்டு வழிகளைக் காட்டினார்.

ஒன்று, கேமராவின் முகப்பிலேயே இருந்த சிறு நெம்புகோல். அதைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தால், சற்று நேரம் சர்ரென்று ஓடிவிட்டு அதுவாகவே படமெடுக்கும். இன்னொன்று, உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் பந்து. அதிலிருந்து மெல்லிய கறுப்புக் குழாய் நீளமாகப் போகும். மறுமுனையைக் கேமராப் பொத்தானில் திருகிவிட்டுப் பந்தை அமுக்கினால், காற்று போய் ஓர் ஊசியைத் தள்ளும், ஊசி பொத்தானை அழுத்தும்.

"நெம்புகோலே போதும். படத்துல ஒண்ணும் தெரியாது. இந்தக் குழாய் பாம்பு மாதிரி விழும்" என்றார் அண்ணன்.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், கொல்லையில் பப்பாளி மரத்தடியில் நாற்காலியைப் போட்டேன். முதலில் நெம்புகோல்தான். ஓடிவந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, அந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று காத்திருப்பேன். ஆள் இல்லாவிட்டாலும் அந்தச் சத்தமே ஆள் நிற்பதுபோல இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அதே ஐசி முகம்தான் வரும் என்று பிலிமைக் கழுவிப் பார்க்காமலேயே தெரிந்தது.

பிறகு குழாயை மாட்டினேன். பெண் படத்தில் இரு கைகளும் மடியில் இருக்க வேண்டும் என்பதால் பந்தைச் சேலைக் கரைக்கு அடியில், காலடியில் வைத்துக்கொண்டேன். இப்போது அவசரமில்லை. நான் மிதிக்கும்வரை கேமரா சும்மா இருக்கும். அப்படி உட்கார்ந்திருந்தபோது அண்ணியின் கோழி வந்தது. குழாயைப் புழு என்று நினைத்து அலகால் கவ்வி இழுத்தது, விட்டது, மறுபடியும் இழுத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் நிமிர்ந்து கேமராவைப் பார்த்து மிதித்தேன்.

அந்தப் படம்தான் நன்றாக வந்தது. ஆனால் அதில் கோழி, குழாய், கொடியில் காயும் அண்ணனின் பட்டறைச் சட்டை எல்லாம் இருந்தன. அண்ணன் கடையில் சொல்லி, இடுப்புக்கு மேல் மட்டும் வரும்படி போட்டு வாங்கினார். சித்தி அதை எடுத்துக்கொண்டு தைப்பிங்குக்குப் போனார்.

அடுத்த வாரம் சித்தி திரும்பி வந்து, உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார். மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"இந்தப் பொண்ணு யாரப் பாத்து இப்படிச் சிரிக்குது? படம் எடுத்தது யாரு?"

நானே எடுத்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அண்ணனுக்குக் கோபம் வந்தது. படத்தைத் திருப்பி வாங்கிவிடுங்கள், வேறு இடம் பார்க்கலாம் என்று சித்தியிடம் சொன்னார். வேறு இடத்துக்கு அந்தக் கேள்வி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும் என்பது அண்ணிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். முழுப் படத்தையும் பெரிதாகப் போட்டு அனுப்புங்கள் என்று சொன்னேன். அண்ணன் வீட்டில் நான் ஒரு காரியத்தை இப்படிச் செய்யுங்கள் என்று சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"கோழியோடவா? மானம் போயிரும்" என்றார் அண்ணி.

"கோழியோடதான் அண்ணி."

அனுப்பினோம். பதில் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்த குடைகளோடு அவர்களே வந்து நின்றார்கள். மாப்பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, அந்தச் சாமானைப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் கொண்டுவந்தார். அந்த அம்மா பந்தைச் சிமெண்டுத் தரையில் வைத்து, செருப்பில்லாத காலால் மிதித்தார். அண்ணன் கையிலிருந்த முனையில் ஊசி வெளியே வந்து உள்ளே போனது. இன்னொரு தடவை மிதித்தார்.

"இவ்ளோதானா" என்றார். பிறகு அண்ணியிடம், "அந்தக் கோழி எங்க?" என்று கேட்டார்.

"போன வாரமே கொழம்பாயிருச்சிக்கா."

அப்போதுதான் மாப்பிள்ளை நிமிர்ந்தார். சிரித்தார், உடனே வாயைக் கையால் மூடிக்கொண்டார். அவர் முகத்தை நான் அப்படித்தான் முதலில் பார்த்தேன்.

அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்த படம் என்ன ஆனது என்று தெரியவில்லை. முழுப் படத்தை மாமியார் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். வருபவர்கள் குழாயைக் காட்டிக் கேட்டால், நான் சமையலறைக்குப் போய்விடுவேன். மாமியாரே எல்லாவற்றையும் சொல்லிக்கொள்வார்.