அழகுமுத்து கேட்ட துண்டு

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அழகுமுத்துவுக்குத் 'தப்பால்' வேலை, அதாவது தபால் சுமக்கிற வேலை. காலையில் தோட்ட ஆபீசின் கடிதப் பையைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோக வேண்டும். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் சனங்களுக்கு வந்திருக்கும் கடிதங்களோடு திரும்ப வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் தொழில். கியர் இல்லாத பாரமான சைக்கிள். மற்றவர்கள் இறங்கித் தள்ளுகிற ஏற்றத்திலும் அவர் இறங்கமாட்டார்.

ஹட்டனில் சைக்கிள் கடை நடத்தும் மர்சூக் முதலாளி ஒரு சனிக்கிழமை தன் சைக்கிள் கிளப்காரர்களோடு அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முதுகில் கடிதப் பையோடு ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார். விரட்டிப்போன மர்சூக்கால் தோட்ட ஆபீஸ் வாசலில்தான் அவரைப் பிடிக்க முடிந்தது.

"அண்ணே, என்னத்த சாப்பிடுறீங்க நீங்க?"

"ரொட்டியும் சம்பலுந்தான் மொதலாளி. என்னா, களவு ஏதும் போயிருச்சா? இப்படி விரட்டிக்கிட்டு வாறீங்க?"

அன்றிலிருந்து அழகுமுத்து கிளப்பில் ஒருவர். நாற்பத்தெட்டு வயதில் முதன்முதலாக ஒரு கூட்டம் அவரை 'வாங்க அண்ணே' என்று கூப்பிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் எவ்வளவு தூரமும் மிதித்திருப்பார்.

போன சித்திரை மாதம், திருச்சிக் கிளப் ஒன்று நடத்தும் நீண்ட சைக்கிள் ஓட்டத்துக்காக மூன்று பேராக இந்தியாவுக்குப் போனார்கள். மர்சூக், பள்ளிக்கூட ஆசிரியர் ஸஃப்வான், அழகுமுத்து. திருச்சியில் மாலை ஏறினால் இரவு முழுவதும் ஓடி, இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் முந்நூற்றறுபது கிலோமீட்டர் போய்ச் சேர வேண்டும். வழியில் உள்ள இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். முக்கியமான சட்டம் ஒன்று இருந்தது. ஒரு குழுவில் குறைந்தது மூன்று பேர் சேர்ந்து முடிக்க வேண்டும். இரண்டு பேர் முடித்தால் அது கணக்கில்லை.

அவர் மனைவி ராக்காயிக்கு இது பிடிக்கவில்லை.

"இங்க மிதிக்கிறது பத்தாம கடல் தாண்டிப் போயி மிதிக்கணுமாக்கும்! நெஞ்சு குத்துதுன்னு போன மாசந்தானே சொன்னீங்க?"

"அது வாய்வு புள்ள. நான் இல்லாட்டி மூணு பேரு சேராது. அவங்க ரெண்டு பேரும் ஒரு வருசமா காத்துக்கிட்டு இருக்காங்க."

முதல் நூறு கிலோமீட்டர் சிரிப்பும் பாட்டுமாகப் போனது. மேடு பள்ளமே இல்லாத ரோட்டைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு ரோட்டா? தூக்கம் வருதே சார்" என்று ஸஃப்வானைச் சீண்டினார் அழகுமுத்து. ஆனால் குளிரில் பிறந்து வளர்ந்த உடம்பு அது. இரவிலும் இறங்காத அந்தப் புழுக்கம் அதற்குப் புதிது. நள்ளிரவு தாண்டியதும் நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல இருந்தது. இடது கை மரத்துப்போனது. சிரிப்பு நின்றது.

இது வாய்வு இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. இறங்கிவிட வேண்டும் என்றும் தெரிந்தது.

இறங்கியிருக்கலாமே என்று நீங்களும் நானும் கேட்போம். அழகுமுத்துவால் முடியவில்லை. அவர் அறிந்த உலகத்தில், வேலை நடுவில் சுகமில்லாமல் போனால் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டித் துண்டு வாங்க வேண்டும். இவன் உண்மையிலேயே நோயாளி என்று எழுதிய சின்னக் கடுதாசி அது. துண்டு இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஒருவரும் குறை சொல்ல முடியாது. இல்லாமல் போனால் வேலைக்கள்ளன். அவனோடு நின்ற ஆட்களுக்கும் சேர்த்துத் திட்டு விழும். இங்கேயும் ஒரு துண்டு வாங்கிவிட்டால் மர்சூக்கையும் ஸஃப்வானையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அந்த மனிதர் முழுமனதாக நம்பினார்.

இரண்டு மணிக்கு ஒரு பெற்றோல் செட்டில் முத்திரை போடும் இடம் வந்தது. மர்சூக் முகம் கழுவப் போனார். ஸஃப்வான் தண்ணீர் நிரப்பப் போனார். மேசையில் சண்முகவடிவு என்ற திருச்சிக் கிளப் பெண் இருந்தாள். அழகுமுத்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் வேர்வை.

"ரொம்ப வேர்க்குதே அண்ணா, முடியலையா?"

"ஒரு துண்டு குடுங்கம்மா. நான் போயிருவேன்."

அவள் ஊரில் துண்டு என்றால் தோளில் போடுகிற துணி. தன் பையிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்து, பாசத்தோடு அவர் கையில் வைத்தாள்.

"நல்லா தொடச்சுக்கோங்க. நீங்களே வச்சுக்கோங்கண்ணா. சூப்பரா போயிருவீங்க!"

அழகுமுத்து அந்தத் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த குழு வந்து மேசையை மொய்த்துக்கொண்டது. அந்நிய ஊர், படித்த பெண். மறுபடி கேட்க வெட்கம். அடுத்த இடத்தில் கேட்டுக்கொள்வோம் என்று முகத்தைத் துடைத்தார்.

"என்ன அண்ணே, மாப்பிள்ள மாதிரி துண்டெல்லாம் போட்டிருக்கீங்க?" என்று சிரித்தபடி வந்தார் மர்சூக்.

"இங்கன குடுத்தாங்க மொதலாளி. போவமா?"

அடுத்த இடம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அதில் முப்பத்தொரு கிலோமீட்டர் அவர் மிதித்தார். அதற்கப்புறம் சைக்கிள் மெல்ல ஓரத்துக்குச் சாய்ந்தது. மர்சூக் ஓடிப்போய் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "துண்டு கேட்டேன் மொதலாளி... அந்தப் புள்ளைக்கு வெளங்கல. ஒங்க ரெண்டு பேரையும் கணக்குல..." அதற்கு மேல் பேச்சு வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது மணி நாலரை. ஏற்றுவதற்கு முன்பே அந்த நல்ல உயிர் பிரிந்துவிட்டது.

அழகுமுத்துவை மண்ணில் வைத்து மூன்றாம் நாள், மர்சூக் லயத்துக்கு வந்தார். ராக்காயி சுவரோடு சாய்ந்திருந்தாள். கண் வற்றிப்போயிருந்தது. மறைக்க மனமில்லாமல் துண்டுக் கதையை அவர் முழுவதும் சொன்னார்.

"நாலரைக்கா மொதலாளி?"

"ஓமக்கா."

"அந்நேரம் நான் அடுப்புப் பத்த வச்சுக்கிட்டு இருந்தேன்." மர்சூக் பக்கம் திரும்பினாள். "ஒன்னு கேக்கவா? துண்டு கிண்டு இல்லாம, எனக்கு ஏலாதுன்னு அவரு அங்கனயே படுத்திருந்தா, அவங்க என்ன செஞ்சிருப்பாங்க?"

மர்சூக் தலை குனிந்தார்.

"ஒன்னுஞ் செஞ்சிருக்க மாட்டாங்க அக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பாங்க. நாங்களும் ஓட்டத்த விட்டுட்டுக் கூடவே போயிருப்போம்."

"ஒங்களுக்குக் கோவம் வந்திருக்குமா?"

"எனக்கா? அவரு மேலயா?" மர்சூக் நிமிர்ந்தார். "இல்லக்கா. அல்லாமேல சத்தியமா இல்ல."

ராக்காயி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அத அவருகிட்ட முன்னுக்கே சொல்லியிருக்கலாமே, மொதலாளி" என்றாள்.