என் முதல் கல்யாண ஆர்டர்

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலையை உதறிவிட்டு நான் கேமராவைத் தூக்கியபோது வீட்டில் எல்லோரும் அழாத குறை. அப்பா தறியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. அம்மாதான் வாயைத் திறந்தாள். "ஒரு கல்யாண ஆர்டராச்சும் புடிச்சிக் காட்டுடா. இல்லன்னா கம்பெனி பஸ்ஸு இன்னும் அதே முனையிலதான் வந்து நிக்குது. வாயை மூடிக்கினு ஏறிடு."

பல மாதம் காதுகுத்து, வளைகாப்பு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறும் புது பைக் என்று ஓட்டினேன். சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் கடைசியாக மனசு இறங்கினார்கள். முதலில் ஒரு ப்ரீ வெட்டிங் ஷூட். அது பிடித்தால் நிச்சயத்திலிருந்து ரிசப்ஷன் வரை முழுக் கல்யாணமும் எனக்கே. பிடிக்காவிட்டால் மறுபடியும் கழுத்தில் ஐடி கார்டு, விடியற்காலை ஷிப்டு.

இந்த ஊரில் கோயிலுக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் ஒரு கோபுரம். ஆனால் ஸ்டாண்டை விரித்தால் எங்கிருந்தோ காவலாளியின் விசில் வரும். விசில் வராத இடத்தில் டவுன் பஸ் வந்து ஃப்ரேமை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் ஊரைத் தாண்டி மாகறல் கோயில் வாசலுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். பெண்ணுக்குப் பட்டுப்புடவை, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, இருவர் கழுத்திலும் ரோஜா மாலை. நிஜக் கல்யாணம் மாதிரியே இருக்க வேண்டும் என்பது என் கலைப்பார்வை. கலையாம் கலை! காவலுக்கு வந்த பெண்ணின் சித்தி, ஏசியை விட்டு இறங்க மனமில்லாமல் காரிலேயே குறட்டை விட்டாள்.

மாப்பிள்ளை சொன்னபடியெல்லாம் நின்றான், சொல்லாமலே சிரித்தான். பெண்தான் முகத்தைத் திறக்கவே இல்லை. "சிரிமா, கொஞ்சம் சிரிமா" என்று கெஞ்சி எனக்குத் தொண்டை வறண்டது. வெட்கம் என்று விட்டுவிட்டேன். நம் ஊரில் பெண் சிரிக்காவிட்டால் வெட்கம், சிரித்தால் திமிர். வேறு எதுவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

கோயில் வாசலில் பூ கட்டி விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தாள். பிறகு சரத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். அவள் பின்னாலேயே நாலைந்து பெண்கள்.

"இன்னாபா, ஓடியாந்த ஜோடியா?"

"ஐயோ இல்லமா, போட்டோ ஷூட்டு. கல்யாணம் அடுத்த மாசம்."

"கல்யாணத்துக்கு முன்னாடியே மாலையா? யார் காதுல பூ சுத்துற? நானே பூ விக்கிறவ."

போனில் பத்திரிகையைக் காட்டினேன். அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெத்தவங்க இல்லை, சொந்தம் இல்லை, சாட்சிக்கு ஒரே ஒரு கேமராக்காரன். ஓடிவந்த ஜோடிதான் என்று அவள் முடிவுகட்ட வேறென்ன வேண்டும்? "பயப்படாதீங்கபா, நாங்க இருக்கோம். மஞ்சக்கயிறு நான் தரேன்" என்றாள். ஒருத்தி மஞ்சள் கொண்டுவரவே ஓடினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாப்பிள்ளையும் சிரித்தான்.

"ஆனா ஒண்ணு, பொண்ணு வாயால ஒரு வார்த்தை வந்தாவணும்" என்று அந்த அம்மா என்னை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெண்ணின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "நீ சொல்லுமா. இஷ்டப்பட்டுதான் இவனைக் கட்டிக்கிறியா? யாரும் மெரட்டி இட்டாரலியே?"

பெண் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. மை கரைந்து கன்னமெல்லாம் வழிய நின்று அழுதாள்.

"இஷ்டமில்லமா. எங்க வூட்ல ஒருத்தரும் கேக்கவே இல்ல."

அவள் மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பச்சைப் பொய். ஆத்திரம்தான் வந்தது. அடிப்பாவி, இதைச் சொல்ல என் ஷூட்டா கிடைத்தது உனக்கு! என் முதல் ஆர்டர் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. கம்பெனி பஸ்ஸின் ஹாரன் காதில் கேட்டது.

மாப்பிள்ளை மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டிருக்கலாமே" என்றாள் அவள்.

சத்தத்தில் விழித்துக்கொண்ட சித்தி காரிலிருந்து இறங்கி வந்து பெண்ணை அடிக்கக் கை ஓங்கினாள். பூக்கார அம்மா குறுக்கே நின்று, "மேல கை வெச்சிப் பாரு" என்றாள். கல்யாணம் நின்றது. தனக்குத்தான் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டானாம். நல்ல பையன்.

ஊர் வாய்க்கு உலைமூடி ஏது? தெருத் தெருவாகப் பேச்சு பரவியது. நான் கேமராவைத் தூக்கினால் கல்யாணம் நின்றுவிடுமாம், ராசி கெட்ட கையாம். அடுத்து நான் போய்க் கேட்ட வீட்டிலும் "அப்புறம் பாக்கலாம்பா" என்று கதவைச் சாத்தினார்கள். அம்மா என் பழைய கம்பெனி யூனிபார்மைத் துவைத்துக் காயப்போட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று மத்தியானம் போன் அடித்தது. தெரியாத நம்பர், கிசுகிசுக்கிற பெண்குரல்.

"அண்ணா, நீங்க போட்டோ எடுத்தா கல்யாணம் நின்னுடும்னு சொல்றாங்களே, நெஜமாவா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாருமா நீ? வேற வேலை இல்லையா? போனை வைமா."

"வெச்சிடாதீங்கண்ணா" என்றாள். "எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். எங்களையும் மாகறலுக்கே இட்டுகினு போறீங்களா?"