ராட்டின விளக்கு

எங்கள் கடையில் தொங்கிய விளக்கை ஊரில் எல்லோரும் ராட்டின விளக்கு என்பார்கள். கடத்தூரில் சந்தைக்குப் போகிற பாதையில் முன்பக்கம் தையல் கடையும் பின்பக்கம் வீடுமாக ஒரு ஓட்டுக் கட்டடத்தில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். சந்தைக்கு வருகிறவர்கள் துணி கொடுக்க வருகிறார்களோ இல்லையோ, அந்த விளக்கை ஒருமுறை இழுத்துப் பார்க்க வருவார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அப்பாவுக்குப் பெருமை தாங்காது.

உத்தரத்தில் ஒரு பித்தளை ராட்டினம், கிணற்று ராட்டினம் குட்டி போட்டதுபோல. அதன்மேல் ஓடும் சங்கிலியின் ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஈயம் அடைத்த ஒரு பித்தளைக் குண்டு. விளக்கும் குண்டும் ஒரே கனம். அதனால் விளக்கை ஒரு விரலால் இழுத்து எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். துணி வெட்டும்போது மேலே தள்ளிக்கொள்ளலாம், ஊசி வேலைக்குக் கீழே இழுத்துக்கொள்ளலாம். பென்னாகரம் காட்டுப் பக்கம் ஒரு பங்களாவில் இருந்த துரைக்கு அப்பா காக்கி உடுப்புகள் தைத்துக் கொடுத்திருந்தார். துரை சீமைக்கே திரும்பிப் போகிறபோது அதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்திய கதை அது.

அந்த விளக்கு வந்ததிலிருந்து அதற்கென்று சில சட்டங்கள் வந்துவிட்டன. ஏற்றுவது அம்மா மட்டும்தான். அரை வயிற்று எண்ணெயோடு விளக்கை ஏற்றுவது வீட்டுக்கு ஆகாது என்பது அம்மாவின் கட்சி. பொழுது சாய்கிறபோது சாம்பலால் கண்ணாடியைத் துடைத்து, சீமெண்ணெயைக் கழுத்துவரை ஊற்றி, ஏற்றி, அப்பா மெஷினில் உட்கார்ந்தால் அவர் நெற்றிக்கு எதிரே வருகிற மாதிரி இழுத்துவிடுவாள். மூன்று பேரும் விளக்கைக் கும்பிட்ட பிறகுதான் வேலை. அப்பாவின் சட்டம் வேறு. வெள்ளிக்கிழமை காலையில் மெஷினுக்கு எண்ணெய் விடும்போது ஸ்டூலில் ஏறி விளக்கு ராட்டினத்துக்கும் ஒரு சொட்டு விடுவார். ஓடுகிற எதுவும் வறண்டு ஓடக்கூடாது என்பார். தையல்காரருக்குத்தானே அப்படித் தோன்றும்? வேறு எந்த வீட்டிலாவது தொங்கு விளக்குக்கு மெஷின் எண்ணெய் விட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தரை மேடும் பள்ளமும். மெஷினை மிதித்தால் அது மெல்ல நகர்ந்து வாசல் பக்கம் போய்விடும். அதனால் அதன் ஒரு காலை நடுக் கம்பத்தோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார் அப்பா. அந்தக் கம்பம்தான் விளக்கு தொங்கிய உத்தரத்தையும் தாங்கியது. மெஷின் ஓடினால் கம்பத்தில் சாய்ந்திருப்பவர் முதுகு கிடுகிடுக்கும்.

சண்டை முற்றியதும் சீமெண்ணெய்க்குக் கூப்பன் வந்தது. அம்மா தன் கட்சியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. விளக்குக்கு ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று அளந்து ஊற்ற ஆரம்பித்தாள். ஊற்றும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள், சாமியிடம் மன்னிப்பு கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். புதுத் துணியும் கிடைக்கவில்லை. ஜனங்கள் பழையதைக் கொண்டுவந்தார்கள். நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைப்பது, அப்பன் சட்டையை வெட்டி மகனுக்குச் சின்னதாக்குவது. புதுசு தைப்பதைவிட இது கண்ணுக்கு இரட்டிப்பு வேலை. பழைய நூலுக்கும் பழைய துணிக்கும் ஒரே நிறம்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. பகலில் ஒன்றுமில்லை. விளக்கு வைத்து உட்கார்ந்ததும் நன்றாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் தைத்த பிறகு மெல்ல மெல்ல எல்லாம் புகைமூட்டமாகிவிடும். குனிந்து குனிந்து மூக்கு துணியில் முட்டும். ஒரு தடவை ஊசி நகத்தோடு சேர்த்து விரலைத் தைத்துவிட்டது. மணியக்காரர் சட்டையின் காலர் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிப் போனது. அவர் நல்ல மனிதர், காலரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டு போனார். திட்டியிருந்தால் அப்பா அன்று சாப்பிட்டிருப்பார்.

மாலைக்கண் என்று முடிவு செய்தோம். அப்பாவின் பெரியப்பா ஒருவருக்கு மாலைக்கண்ணில் ஆரம்பித்து முழுசாகப் போய்விட்டதாம், அதனால் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. அம்மா பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை என்று காடு மேடெல்லாம் பறித்து வந்தாள். ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுத்தாள். பொம்மிடியில் ரயில் ஏறிச் சேலத்துக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினோம். அவர் பட்டப்பகலில் அப்பாவைச் சன்னல் அருகே உட்காரவைத்து, கண்ணை விரித்துப் பார்த்து, கண் கல்லாட்டம் இருக்கிறது என்று சொல்லி ஒரு புட்டி மீனெண்ணெய் கொடுத்து அனுப்பினார். அதைக் கேட்டு அம்மா ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்பா நம்பவில்லை. பகலில் பார்த்தால் பகலில்தானே தெரியும், சொல்ல மனசு வராமல் அனுப்பிவிட்டார் என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பா மெஷினில் இருக்கும்போது அம்மாவும் நானும் அந்த விளக்கு வெளிச்சத்திலேயே இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்திருப்போம். அம்மா பித்தான் ஓட்டைக்குக் காஜா எடுப்பாள், நான் பித்தான் வைப்பேன், ஓரம் மடித்துத் தைப்பேன். எனக்கும் கண் தெரியவில்லை. ஐப்பசி வருவதற்குள் ஊசிக்காதை நாக்கால் தேடும் நிலைக்கு வந்திருந்தேன். எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்திருந்த நேரம் அது. குடும்ப வியாதி எனக்கும் இறங்கிவிட்டது என்று தெரிந்தால் எவன் கட்டுவான்? அதோடு, அப்பா கண்ணுக்கே அழத் தெம்பில்லாத வீட்டில் என் கண்ணைப் பற்றி எப்படிச் சொல்வது? பித்தானின் துளைகளைப் பெருவிரலால் தடவித் தைக்கப் பழகிக்கொண்டேன். பயம் என்றால் சாதாரணப் பயமில்லை. காலையில் விழித்ததும் கூரை ஓடு தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்திருப்பேன்.

பென்னாகரத்தில் கட்டிக்கொடுத்திருந்த அத்தைக்குச் செய்தி போனது. அப்பாவுக்கு மூத்தவள். சத்தக்காரி, பாசக்காரி, இரண்டும் சேர்ந்து வரும்போது பக்கத்தில் நிற்க முடியாது. தம்பி குடும்பத்தைத் தன் காட்டுக்கே கூட்டிக்கொண்டு போவது என்று அவளே தீர்மானம் செய்துவிட்டாள். கேழ்வரகுக் கொல்லையில் காவலுக்கு உட்கார்ந்தால் போதும், கிளியை ஓட்டக் கண் எதற்கு, வாய் இருந்தால் போதாதா என்றாளாம். மெஷினை வாங்கிக்கொள்ள அங்கேயே ஆளும் பேசி முடித்திருந்தாள். தீபாவளிக்குக் கொடுத்த துணிகளை மட்டும் முடித்துவிட்டு வருகிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த மெஷினைத் தவிர அவருக்கு எதுவும் தெரியாது. மாட்டைக் கண்டால் பத்தடி தள்ளி நடக்கிற மனிதர். அவர் கிளி ஓட்டப் போகிறாராம்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், எங்களை மூட்டை கட்டவைக்க அத்தையே வந்து இறங்கினாள். வந்ததும் ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். விளக்கு வைத்தாயிற்று. அப்பா மெஷினில் உட்கார்ந்தார், நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். வேலை இல்லாத ஒரே ஆள் அத்தை. கம்பத்தில் சாய்ந்து காலை நீட்டி, வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு, சாறு வழியாமல் இருக்க முகத்தை மேலே தூக்கி வைத்திருந்தாள். நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போல் தலையைக் குனிந்திருந்தோம்.

திடீரென்று அத்தை ம்ம், ம்ம் என்று விரலை மேலே காட்டினாள். துப்பப் படிக்கம் கேட்கிறாள் என்று அம்மா எழுந்தாள். அத்தை தலையை ஆட்டிவிட்டு இன்னும் வேகமாக ம்ம் என்றாள். பல்லி ஏதோ போகிறது என்று நான் நினைத்தேன். கடைசியில் வெளியே ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்து நின்றாள்.

"ஏன்டா தம்பி, ஒன் வெளக்கு அது பாட்டுக்கு மேல ஏறிக்கிட்டே போவுதே, நீங்க யாரும் பாக்கறதில்லியா?"

அப்பா மிதிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். விளக்கு அசையாமல் தொங்கியது. பிரயாணக் களைப்பு, போய்ப் படு என்று அத்தையிடம் சொல்லிவிட்டு மறுபடியும் மிதித்தார். இதோ ஏறுகிறது என்றாள் அத்தை. நிறுத்தினார், விளக்கும் நின்றது. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது, தன்னைப் பொய்க்காரி ஆக்கப் பார்க்கிறது என்று விளக்கையே திட்டினாள்.

அப்பா என்னை எழுந்து நின்று பார்க்கச் சொல்லிவிட்டு மிதித்தார். பார்த்தேன். மெஷின் ஓட ஓடக் கம்பம் கிடுகிடுத்தது, கம்பத்தோடு உத்தரம், உத்தரத்தோடு ராட்டினம். ஒவ்வொரு அதிர்வுக்கும் மயிரிழை அளவு விளக்கு மேலே போனது, குண்டு கீழே வந்தது. பாதிச் சட்டைகூட முடியவில்லை, அதற்குள் விளக்கு நான் நின்றால் என் தலைக்கு மேலே போயிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து விளக்கின் அடியில் கைவைத்துத் தூக்கிப் பார்த்தார், பிறகு குண்டைத் தூக்கிப் பார்த்தார். எண்ணெய் நிறைந்த விளக்குக்குச் சமமாக அடைத்த குண்டு அது. இரண்டு கரண்டி எண்ணெய் இருக்கிற விளக்கு அதற்கு ஈடாகுமா? வறண்ட ராட்டினமாக இருந்தாலாவது பிடித்து நிறுத்தியிருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் குடித்த ராட்டினம் ஆயிற்றே.

இத்தனை நாள் ஏன் யாரும் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். வேலை முடிந்து எழும்போது தலையில் இடிக்காமல் இருக்க விளக்கை மேலே தள்ளிவிடுவது வழக்கம். அது மேலே இருந்தால், அம்மா தள்ளியிருப்பாள் என்று அப்பா நினைப்பார், அப்பா தள்ளியிருப்பார் என்று அம்மா நினைப்பாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். எங்கள் வீட்டில் கூடம் நிஜமாகவே கோணல், நாங்கள்தான் ஆடத் தெரியவில்லை என்று ஈரலும் மீனெண்ணெயும் தின்றுகொண்டிருந்தோம்.

அப்பா துணி வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்து விளக்கின் அடி வளையத்தில் மாட்டினார். கீழே இழுத்துவிட்டு உட்கார்ந்து மிதித்தார். நாங்கள் மூன்று பெண்களும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தபடி நின்றோம். விளக்கு அசையவில்லை. சட்டையின் ஒரு கையை முழுசாகத் தைத்து முடித்தார். நூலை அறுத்து, என்னைக் கூப்பிடாமல் தானே நாக்கில் நனைத்து, ஊசியில் ஒரே தடவையில் கோத்தார். கோத்த நூலைத் தூக்கிப் பிடித்து எங்களுக்குக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த ஆடிக்குப் பிறகு பார்த்திருக்கவே இல்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணும் எனக்குத் திரும்பி வந்துவிட்டது, அதை உரக்கச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மெஷின் வாங்க வருகிறவனுக்கு என்ன சொல்வது என்று அத்தை கேட்டாள். வேறு கடை பார்க்கச் சொல் என்றார் அப்பா.

அம்மா மட்டும் பாதியில் விட்ட சட்டையை மடியில் போட்டுக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப எனக்கும் ஒண்ணும் இல்லீங்களா?"

உனக்கு என்ன என்று அப்பா கேட்டார். ஆடியிலிருந்தே தனக்கும் தெரியவில்லை என்றாள் அம்மா. காஜாவை எல்லாம் விரலால் தடவித்தான் எடுத்தாளாம். உங்களுக்குப் போனாலும் எனக்கு இருக்கிறது, கைபிடித்துக் கூட்டிப்போவேன் என்றுதானே தைரியமாக இருந்தீர்கள், அதையும் எப்படிப் பிடுங்குவது என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியவில்லை.

"எனக்குந்தாம்ப்பா" என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையில் இருந்த ஊசியைத் துணியில் பத்திரமாகக் குத்திவைத்தார். ஒருவராவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று கேட்க வந்தவர் பாதியிலேயே முகத்தை மூடிக்கொண்டார். தன் கண் போகிறது என்று நம்பியிருந்த அத்தனை நாளும் அப்பா அழுது நாங்கள் பார்க்கவில்லை. இப்போது எங்கள் எதிரிலேயே தேம்பித் தேம்பி அழுதார்.

அத்தைதான் எழுந்து போய்த் தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "இப்பத்தானடா நல்லாருக்குதுன்னு தெரிஞ்சுது, அழுது கெடுத்துக்காத" என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள்.