பாஞ்சோவுக்குப் பூசிய ரெசின்

அந்தப் பாஞ்சோவைக் கெடுத்தது எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுத் தலைவர்தான். ஜெசிந்தாவின் குசினி அடுப்புப் புகை அல்ல.

அவர் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர். நல்ல வள்ளம்தான், நானும் அதில் கடலுக்குப் போயிருக்கிறேன். மாரிக் காற்றுக்கு வாத்தியத்தின் முகத்தில் போர்த்திய தோல் தொய்கிறது, திருத்தித் தருகிறேன் என்று ஜெசிந்தாவிடம் பாஞ்சோவை வாங்கிப்போனவர், வள்ளத்துக்குப் பூசுகிற ரெசின் பசையைத் தோலின்மேல் பூசிவிட்டார். தோல் பலகையாகிப்போனது. பிறகு கோயில் கூட்டத்தில் எழும்பி, "அவள் குசினியிலை வைச்சு நாசமாக்கிப்போட்டாள். திருநாளுக்கு இனிக் கீபோர்ட்தான்" என்றார்.

ஜெசிந்தா மீன் விற்கிறவள். தகப்பன் கப்பலில் வேலை செய்த காலத்தில் வாங்கிவந்த பழைய பாஞ்சோ அது. திருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் அதை வாசிப்பவள் அவள்தான். கூட்டம் முடிந்த கையோடு ஊர்காவற்றுறையில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். ஆர்மோனியம், மண்டலின், மேளம் என்று எது பழுதானாலும் இந்தப் பக்கத்தில் என்னிடம்தான் வரும்.

"அண்ணை, இது திருநாளுக்குப் பாடுமோ? என்ரை மனம் நோகுமெண்டு பொய் சொல்லாதேங்கோ."

"தோலை மாத்தினால் பாடும். ஆனால் மாரிக்குத் திரும்பவும் தொய்யும். அப்ப தோலை இழுத்துப் பிடிக்கிற கொக்கியளை முறுக்கவேணும், கோடைக்கு இளக்கவேணும். உம்மாலை ஏலுமோ?"

"வலை இழுத்த கைக்குக் கொக்கி முறுக்க ஏலாதோ? உங்கடை கதை."

வளையத்தைச் சுற்றியிருந்த கொக்கிகள் உப்பில் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் ஊறவிட்டுக் கழற்றினேன். ஒன்றுகூட முறியவில்லை. புது ஆட்டுத்தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, வளையத்தில் போர்த்தி, நிழலில் காயவிட்டேன். ஈரத்தோலை இழுத்து முறுக்கினால் காயும்போது கிழியும். காய்ந்த பிறகு, கார்ச் சில்லின் நட்டுகளை இறுக்குவதுபோல, எதிரெதிர்க் கொக்கிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.

கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையும் தலைவர் ஒட்டிவைத்திருந்தார். பாஞ்சோவில் அதை ஒட்டுவதில்லை. கம்பியின் அழுத்தத்தில்தான் அது நிற்கும். கழுத்தின் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் சுருதி பிசகாத இடம் கிடைக்கும்வரை நகர்த்த வேண்டும். நகர்த்தினேன், அந்த இடத்தைப் பிடித்தேன்.

ஒத்திகையில் அவள் வாசித்தபோது கீபோர்ட்காரர் கையை எடுத்துவிட்டார். தலைவர் என் காதுக்குள் கேட்டார்.

"மைக் ஏதும் உள்ளுக்கு வைச்சனீரோ?"

"இல்லை. வெறும் ஆட்டுத்தோல்."

"அப்ப அவளையே வாசிக்கச் சொல்லும்."

"அதை நீர் சொல்லும். எல்லாருக்கும் கேக்கச் சொல்லும்."

சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

திருநாளுக்கு அவள் வாசித்தாள். இறங்குதுறை வரைக்கும் கேட்டது. அது என் கைவேலை, பெருமையோடுதான் எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தோல் தொய்வது பழுது அல்ல. தொய்ந்தால் முறுக்குங்கள், எதையும் பூசாதீர்கள்.

தலைவரே, உமக்கு ஒரு சொல். ஊரெல்லாம் இன்னும் ஜெசிந்தாவின் குசினியைத்தான் சொல்கிறது. என் காதுக்குள் பேசியது போதாது. அடுத்த கூட்டத்தில் எழும்பி, ரெசின் பூசியது யார் என்று அவளுக்கு முன்னால் சொல்லும்.